லயத்துக்குப் பின்னால் அக்கா வளர்த்த பூக்கள்

இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கப் போனபோது பதுளை அச்சகத்துக்காரர் என் முன்னால் இரண்டு மாதிரித் தாள்களை வைத்தார். கணவன் இருக்கும்போதே காலமான பெண்களுக்கு ஒன்று. அதில் ‘பூவோடும் பொட்டோடும்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கணவனை இழந்த பெண்களுக்கு மற்றொன்று. அதில் ‘பற்றற்று வாழ்ந்து’ என்று சிறிய எழுத்தில் இருந்தது. “உங்க அக்காவுக்கு ரெண்டாவதுதாங்க சரியா வரும்” என்றார். சரியாக வராது ஐயா என்று சொல்லி இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, நானே எழுதித் தருகிறேன் என்று வந்துவிட்டேன்.

என் அக்கா பற்றற்று வாழவில்லை. ஒரு ஆள் படுக்கும் நீளமும் அதில் பாதி அகலமும் உள்ள ஒரு மண்பாத்தி மேல் அவர் உயிரையே வைத்திருந்தார். அதை எழுதாமல் குலவிளக்கு, குணக்குன்று என்று நான்கு பக்கம் எழுதினால் அது யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாகத்தான் இருக்கும். அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் இதைப் படித்து என்மேல் வருத்தப்படலாம். படுங்கள். எனக்கும் ஒரு வருஷமாக வருத்தம் இருக்கிறது.

அக்கா பிறந்தது ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில். எங்கள் பெற்றோர் திருச்சிச் சீமையிலிருந்து நடந்தும் தோணியேறியும் வந்தவர்கள். கோப்பிச் செடிக்கு இலைநோய் வந்து, அதைப் பிடுங்கிய குழியிலேயே தேயிலைக் கன்று வைத்த காலத்தில் அக்காவுக்குப் பத்து வயது. அப்போதுதான் நான் பிறந்தேன். நான் நடக்கப் பழகுவதற்குள் அப்பாவும், அவருக்குப் பின்னாலேயே அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். அம்மாவின் தம்பியான மாமா அதே தோட்டத்தில் கூலி ஆட்களை மேய்க்கும் சில்லறைக் கங்காணியாக இருந்தார். எங்களுக்குப் பெரியவர் என்று இருந்தவர் அவர் ஒருவர்தான். அக்காவைப் பதினைந்து வயதில் கட்டிக் கொடுத்தவரும் அவரே. இரண்டு வருஷத்தில் அத்தான் வயிற்றுப்போக்கில் இறந்ததும், சடங்குகளை ஒன்று விடாமல் முன்னின்று நடத்தியவரும் அவரே.

அந்தச் சடங்கை நான் மறக்கவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. அக்காவை மணையில் உட்கார வைத்து, கடைசியாக ஒருமுறை என்று சொல்லி, தலை கொள்ளாமல் பூ வைத்தார்கள். அவ்வளவு பூவோடு அக்காவை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. எவ்வளவு அழகு என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிறகு எல்லாவற்றையும் பிய்த்துக் கீழே போட்டார்கள். பூவோடு முடியும் சேர்ந்து வந்தது. அக்கா அழுதாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் பயந்து வெளியே ஓடிவிட்டேன். பதினேழு வயதுப் பெண்ணுக்கு இதைச் செய்யச் சொன்னது எந்தச் சாமி என்று அன்று முதல் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பதில் சொல்லக்கூடியவர்கள் இந்த மலரை இப்போது கையில் வைத்திருக்கிறார்கள்.

அக்கா புல்வெட்டு வேலைக்குப் போனார். தேயிலை மலையில் தேயிலையைத் தவிர ஒரு புல்லும் தலைகாட்டக் கூடாது என்பது துரைமார் சட்டம். கையில் சுரண்டியைக் கொடுத்துவிடுவார்கள். நாள் முழுதும் குனிந்து மண்ணின் தோலை உரித்துக்கொண்டே போக வேண்டும். அந்தக் கூலியில்தான் என்னைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படிக்க வைத்தார். நான் பிறகு அதே பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரானேன் என்றால் அது அக்காவின் முதுகெலும்பு வாங்கிக் கொடுத்த உத்தியோகம்.

தேயிலை முடிகிற மலைமுகட்டில் பத்தனை தொடங்கும். மரமில்லாத வெறும் புல்வெளியைத்தான் நாங்கள் பத்தனை என்போம். அதன் ஓரத்தில் ஆவணி மாதத்தில் ஒரு நீலப்பூ பூக்கும். நடுவில் மஞ்சள் மஞ்சளாகக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். கீழ்க் கிராமத்துச் சிங்களவர்கள் அதைப் பினர என்பார்கள். எங்களுக்கு அது வெறும் நீலப்பூதான். அது தேயிலைக்குள் இறங்கிவிட்டதென்று கங்காணி சத்தம் போட, அக்கா அதைச் சுரண்டாமல் மண்ணோடு தோண்டி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்குள் வைத்துக் கொண்டுவந்தார். லயத்துக்குப் பின்னால், எங்கள் அறையான காம்பராவின் பின்கதவுக்கும் தண்ணீர் ஓடும் கானுக்கும் நடுவில் நட்டார். பாத்தி அப்படித்தான் தொடங்கியது.

மாமா அன்றே வந்துவிட்டார். “அறுத்தவ வீட்டுக் கொல்லையில பூ எதுக்கு? நாலு பேரு என்ன பேசுவாங்க?”

அக்கா நிமிரவே இல்லை. “இதை யாரும் கோயிலுக்குக் கொண்டு போக மாட்டாங்க மாமா. எந்தப் பொம்பளையும் கொண்டையில வைக்க மாட்டா. சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது. அப்ப எனக்கு ஆகும்ல?”

மாமாவுக்கு அதற்குப் பதில் கிடைக்க மூன்று நாள் ஆயிற்று. “பூன்னா பூதான்” என்று வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அந்த மூன்று நாளுக்குள் அக்கா இன்னும் நாலு செடி கொண்டுவந்து வைத்துவிட்டார்.

அந்த முதல் வருஷம் எல்லாம் செத்துப்போயின. மிளகாய்க்கும் கத்தரிக்கும் போடுவது போலவே அக்கா நல்ல மக்கிய சாணத்தை அள்ளிப் போட்டிருந்தார். லயத்து ஜனங்களுக்கு மண் என்றால் எரு. எரு போட்டால் எதுவும் வரும். பத்தனைப் பூவோ சோற்றைக் கண்டாலே சாகிற ஜாதி. வேர் கறுத்து, இலை சொரசொரத்து, பத்து நாளில் பாத்தி சுடுகாடாயிற்று. மறு ஆவணியில் அக்கா பூவை விட்டுவிட்டு முதலில் மண்ணைத்தான் கொண்டுவந்தார். பத்தனையின் புளித்த கறுப்பு மண், கூடை கூடையாக, வேலை முடிந்து வரும்போது நாளுக்கு ஒரு நடை. பழைய மண்ணை முழங்கை ஆழத்துக்கு எடுத்துப் போட்டுவிட்டு இதை நிரப்பினார். “அது பொறந்த மண்ணோட வந்தாத்தான் தம்பி வரும். நம்ம சாப்பாடு அதுக்குச் சேராது” என்றார். விதை தூசி மாதிரி இருக்கும். காய்ந்த தலையை ஈரப்பாசி மேல் தட்டிவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். மண் போட்டு மூடினால் முளைக்காது. இவ்வளவையும் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. செடி செத்துச் செத்துச் சொல்லிக் கொடுத்தது.

வருஷங்கள் போகப் போக நீலப்பூவோடு மற்றவையும் வந்தன. காட்டுக் காசித்தும்பை, வேலியில் ஏறித் தீப்பிடித்தது போல் நிற்கும் கண்வலிப் பூக்கொடி, பூச்சியை ஒட்டிப் பிடித்துத் தின்னும் ஒரு சிவப்புச் சின்னச் செடி, பெயரே தெரியாத ஒரு வெள்ளைப் பூ. அந்த வெள்ளைப் பூவை வெலிமடைப் பக்கத்துப் பத்தனையிலிருந்து கொண்டுவந்தவர், லயம் லயமாகத் துணி விற்க வரும், நாங்கள் நானா என்று கூப்பிடும் பண்டாரவளை முஸ்லிம் அண்ணன். துணி மூட்டைக்குள் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, “வழியில நின்னுச்சு தங்கச்சி, உங்க ஞாபகம் வந்துச்சு” என்று கொடுத்தார். சொந்த மாமாவுக்கு வராத ஞாபகம் அவருக்கு வந்தது.

இனி எழுதப்போவதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

எனக்கு இருபத்து மூன்று வயதில் பெரகலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெண் பார்த்தார்கள். ஆவணியில் முகூர்த்தம். பேசி முடித்தவர் மாமா. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மாப்ள, பொண்ணு வீட்டுல ஒரே ஒரு கொறை சொல்றாங்க. அறுத்தவ பூப்பாத்தி வச்சிருக்க வீட்டுல எங்க பொண்ணு எப்படி வெளக்கேத்துவான்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

வாத்தியார் நான். பிள்ளைகளுக்கு நீதி சொல்லிக் கொடுக்கிறவன். நான் என்ன செய்தேன் தெரியுமா? அக்கா வேலைக்குப் போயிருந்த பகலில், சுவரில் மாட்டியிருந்த அவருடைய பழைய சுரண்டியை எடுத்தேன். பாத்தி முழுதும் பூத்து நின்றது. தோட்டத்தில் பிறந்தவனுக்குப் புல் வெட்டத் தெரியாதா? துரையே வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாத சுத்தத்துக்குச் சுரண்டினேன். வேர், கிழங்கு, பாசி, எல்லாவற்றையும் அள்ளிக் கானுக்குள் எறிந்தேன். பதினைந்து வருஷத்துப் பாத்தி; எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அக்கா சாயங்காலம் வந்தார். பின்கதவில் நின்று பார்த்தார். நான் பெண் வீட்டார், ஊர் வாய் என்று ஏதேதோ உளறினேன். அவர் படங்குச் சாக்கை அவிழ்த்து மடித்து வைத்தார்.

“புல்லுத்தானே தம்பி. நானுந்தான் தெனமும் வெட்டுறேன்” என்றார். கல்யாணத்தன்று நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது என்று அவரை அடுப்படியில் உட்கார வைத்தார்கள். என்னைத் தூக்கி வளர்த்தவர் என் தாலிகட்டைப் பார்க்கவில்லை. அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. ஊமையன் கண்ட கனவு போல எல்லாம் எனக்குள்ளேயே கிடந்தது.

மறு வருஷம் ஆவணியில் என் மனைவி கானில் பாத்திரம் கழுவப் போனவள் ஓடிவந்தாள். அவள் அக்காவை மதினி என்றுதான் கூப்பிடுவாள்.

“மதினி, கானுக்குள்ள நீலமா ஒண்ணு பூத்திருக்கு! பாத்தீங்களா?”

நான் எறிந்த விதை, மண் போட்டு மூட ஆளில்லாததால், கான்கரைப் பாசியில் தானாக முளைத்திருந்தது. அக்கா போய்ப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்து நான் கேட்டேன். இந்தப் பூவெல்லாம் முன்னால் எங்கே இருந்தது என்று என் மனைவி கேட்க, நான் உண்மையைச் சொன்னேன். உங்கள் வீட்டார் சொன்னதால் வெட்டினேன் என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “எங்க வீட்டுலயா? எங்க அப்பாவுக்கு உங்க அக்கா பாத்தி வச்சிருக்கதே தெரியாதுங்க. யாரு சொன்னா உங்களுக்கு?”

நேரே மாமாவிடம் போனேன். அவர் வெற்றிலையை மென்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். “அவங்க சொல்லலைன்னாலும் நெனச்சிருப்பாங்கல்ல மாப்ள?” என்றார்.

இதை அப்படியே எழுதுகிறேன். ஒரு எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை. பிறர் நினைக்காததை அவர்களுக்காக நினைத்து, அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் சொல்லி, ஒரு பெண்ணிடம் மிச்சமிருந்த ஒரே ஒரு சந்தோஷத்தை வேரோடு எடுப்பதற்கு நம்மில் பெரியவர் என்று பெயர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று பழமொழி வேறு வைத்திருக்கிறோம். அந்த ஊர் வாயைத் தேடிப் பாருங்கள், அது பெரும்பாலும் நம் வீட்டுக்குள்தான் வெற்றிலை மென்றுகொண்டிருக்கும். அன்றைக்கு இதை மாமாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பாத்தியைத் திரும்பப் போட்டது அக்காவும் என் மனைவியும். இரண்டு பேரும் பத்தனைக்குப் போய்க் கூடையில் மண் கொண்டுவந்தார்கள். நானும் ஒரு கூடை எடுத்தேன். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பின்னாலேயே நடந்தேன். அதற்கப்புறம் பதினாறு ஆவணி அந்தப் பாத்தி பூத்தது. தலைக்கு ஆகாத பூ என்றார்களே, அதைப் பார்க்க லயத்துப் பெண்கள் வேலை விட்டு வரும் வழியில் நம் வீட்டுப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார்கள். அதில் கணவனை இழந்தவர்கள் சற்று அதிக நேரம் நிற்பார்கள். அக்கா அவர்களிடம் ஒன்றும் கேட்க மாட்டார். கொஞ்சம் விதையைத் துணியில் முடிந்து கொடுப்பார். சாணம் போடாதே என்று மட்டும் சொல்வார்.

அக்காவின் குணங்களை எழுத வேண்டும் என்று என் மகள் சொல்கிறாள். கோபம் வராது. பசித்து வந்தவரை அனுப்ப மாட்டார். பொய் சொல்ல மாட்டார். கணக்கப்பிள்ளை முதல் கைப்பிள்ளை வரை எல்லோரையும் ஒன்றுபோல் நடத்தினார். இவையெல்லாம் உண்மை. ஆனால் கோபம் வராது என்பதை மட்டும் நான் பெருமையாக எழுத மாட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். முதலில் என்மேல் வந்திருக்க வேண்டும். வராததைப் பொறுமை என்று புகழ்ந்துகொண்டே நாம் எல்லோரும் வசதியாக இருந்துவிட்டோம்.

கடைசி வருஷம் நெஞ்சில் சளி கட்டி, நடக்க முடியாமல் போயிற்று. காலையில் அவரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கதவில் சாக்கு விரித்து உட்கார வைப்போம். சாவதற்கு ஒரு வாரம் முன்னால் என் கையைப் பிடித்தார்.

“தம்பி, நான் போறப்ப இதுல ஒண்ணு என் தலையில வையி.”

“அக்கா…”

“யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கடா. இது பூவே இல்ல, புல்லுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க.”

வைக்கிறேன் என்று சொன்னேன். கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அக்கா இறந்த காலையில் பாத்தி முழுதும் நீலமாக இருந்தது. நானே பறித்துத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்ன மாப்ள இது? முண்டச்சி தலைக்குப் பூவா? கட்டையில போறப்பவாவது அவ மரியாதையாப் போகட்டும். உள்ள கொண்டு போய்ப் போடு.”

சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நாற்பது வயது. பள்ளிக்கூடத்து வாத்தியார். செத்துக் கிடக்கிற அக்காவுக்குக் கொடுத்த சத்தியம் நெஞ்சில் நிற்கிறது. தட்டைக் கதவோரம் கீழே வைத்துவிட்டேன்.

சற்று நேரத்தில் துரை பங்களாவிலிருந்து ஆள் வந்தான். கையில் மலர் வளையம். ரோஜாவும், எனக்குப் பெயர் தெரியாத சீமைப் பூக்களும். மாமா எழுந்து நின்றார். இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அக்காவின் நெஞ்சின் மேல் அவரே கொண்டுபோய் வைத்தார். விதவைக்குப் பூ ஆகாது என்று அப்போது ஒருவர்கூட மூச்சு விடவில்லை. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். துரை வீட்டுப் பூ மண்சட்டி. முப்பது வருஷமாக மண் சுமந்து வளர்த்தவர் கையால் பூத்தது பொன்சட்டி. நான் அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் நோய்க் காலத்தில் மழையிலும் லயத்துக்கு வந்து மருந்து கொடுத்த தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாவுக்கு நன்றி. செய்தி கேட்டு அப்புத்தளையிலிருந்து இறங்கி நடந்தே வந்த உறவினர்களுக்கு நன்றி. வயது போன காலத்தில் பண்டாரவளையிலிருந்து வந்து, வெளியில் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போன நானாவுக்கு நன்றி. குழி வெட்டியவர்களுக்கும், மூன்று நாள் எங்கள் அடுப்பு எரியாதபோது சோறு அனுப்பிய லயத்துக்காரர்களுக்கும் நன்றி.

அக்காவைக் குளிப்பாட்டிய மூன்று பெண்களுக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஒருத்தி என் மனைவி. மற்ற இருவரும் கணவனை இழந்தவர்கள். அக்காவிடம் விதை வாங்கியவர்கள். அன்று உள்ளே என்ன நடந்தது என்று பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் என் மனைவி எனக்குச் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல், அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்.

“நீங்க தட்டக் கீழ வச்சிட்டீங்க. நான் எடுத்துக்கிட்டேன்.”

தலையைத் துவட்டி, வாரி, கொண்டை போட்டு, அந்தக் கொண்டையைச் சுற்றி நீலப்பூவை ஒன்றல்ல, தட்டிலிருந்த அத்தனையையும் வைத்திருக்கிறார்கள். அதன்மேல் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நெற்றிவரை இழுத்து மூடியிருக்கிறார்கள். மூன்று பேரும் வெளியே வந்து எல்லோரோடும் சேர்ந்து அழுதார்கள். நான் சத்தியம் பண்ணியும் செய்யத் தவறியதை அவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் செய்து முடித்தார்கள். இதை மலரில் எழுதலாமா என்று அந்த மூவரையும் கேட்டேன். “எழுதுங்க” என்றார்கள்.

கடைசியாக, அக்காவின் பாடைக்குத் தோள் கொடுத்த நால்வருக்கும் என் நன்றி. முன்னால் வலப்பக்கம், தலைமாட்டைத் தாங்கி, வயதையும் பாராமல் மேட்டிலிருந்து மயானம் வரை மாற்றாமல் சுமந்தவர் மாமா. மாமா, நீங்கள் சுமந்தது தலை நிறையப் பூ வைத்த அக்காவை. அந்தப் பூ உங்கள் காதுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. அன்றைக்கு இடி விழவில்லை. அந்த ஐப்பசியில் மழை பொய்க்கவில்லை. ஒரு வருஷம் ஆகிவிட்டது. உங்களுக்கு ஒரு தோள்வலிகூட வரவில்லை.